உம்மும்மாவின் பாட்டை நிறுத்தினோம். இப்போது வீட்டில் யார் பாடுகிறார்கள்?



ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒரு வாரம். குர்பான் இறைச்சி பங்கு வைத்து முடிந்தது, விருந்துக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள், பெருநாள் காசை மூன்று முறை எண்ணிப் பார்த்த பிள்ளைகளும் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். பெருநாளன்று பார்த்த ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதை எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. பதிவு நீளம். ஆறுதலாக வாசியுங்கள். திட்டுவதென்றாலும் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

பெருநாளன்று அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிச்சவீட்டுப் பக்கம் போனேன். உங்களுக்குத் தெரியும், பெருநாள் பின்னேரம் என்றால் பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர் எல்லாம் எங்கள் ஒலுவில் கடற்கரையில்தான் நிற்கும். ஐஸ்கிறீம் வண்டி, பலூன்காரன், கடலை, மாங்காய் அச்சாறு. ஒரு ஆட்டோவின் பின்னால் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டி, ஏழெட்டுப் பெடியன்மார் சுற்றி நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் என்னிடம் படிப்பவர்கள். என்னைக் கண்டதும் ஒருவன் பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தான்.

"சேர், பெருநாள் முபாரக்!"

"முபாரக். என்ன பாட்டு மனே அது?"

"பழைய பாட்டு சேர். என்ஜாய் எஞ்சாமி."

2021இல் வந்த பாட்டு அவனுக்குப் பழைய பாட்டு! சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பாட்டுத்தான் தலைக்குள் ஓடியது.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்து வெளிவந்தது. கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். பாட்டை எழுதிய அறிவு அதற்கு மூலமாகச் சொன்னது தன் பாட்டி வள்ளியம்மாளை. அந்தப் பாட்டி எங்கள் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, பிறகு தமிழ்நாடு திரும்பியவர். ஒப்பாரியும் தோட்டத்துக் கதையும் பேரனின் காதில் விழுந்தன. பேரன் அதை உலகத்துக்குக் கொடுத்தான். ஒலுவில் வெளிச்சவீட்டடியில் பெருநாளன்று எங்கள் பிள்ளைகள் ஆடியது ஒரு கிழவியின் நினைவுக்குத்தான். அந்தக் கிழவி யாரோ ஒருவருடைய கிழவி.

எங்கள் கிழவிகளின் பாட்டு எங்கே?

இதைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லை.

1997 நோன்புப் பெருநாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். எழுதிவிட்டு வீட்டிலிருந்த காலம். எங்கள் உம்மும்மாவின் வளவில் ஒரு பெரிய புளியமரம். ஒவ்வொரு பெருநாளும் அதில் வடக்கயிற்றால் ஊஞ்சல் கட்டுவார்கள். பகல் சாப்பாடு முடிந்தால் ஆண்கள் ஒரு பக்கம் போய்விடுவார்கள். பெண்கள் எல்லோரும் மரத்தடிக்கு வருவார்கள். மாமிமார், ராத்தாமார், அக்கம்பக்கத்து வீட்டார், பல்லுப் போன கிழவிகள், பாவாடைச் சிறுமிகள். இருவர் ஊஞ்சலில் எதிரெதிரே நின்று உந்துவார்கள். உம்மும்மா கீழே பாயில் இருந்துகொண்டு கவி படிப்பார். ஒருவர் படிக்க மற்றவர் பதில் கவி சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தோல்வி. வெற்றிலை வாயோடு அவர் ராகம் இழுக்கிற விதம் இன்னும் காதில் இருக்கிறது. வரிகள் மட்டும் இல்லை. ஒரு வரிகூட முழுதாக இல்லை.

அந்த வருடங்களில் எங்கள் ஊர்களுக்கு கஸட்டில் பயான் வரத் தொடங்கியிருந்தது. சின்னச் சின்னப் பிரசுரங்கள் வந்தன. நான் எல்லாவற்றையும் வாசித்தேன், எல்லாவற்றையும் கேட்டேன். அரை வாளி அறிவு. அது அதிகம் தளும்பும். அந்தப் பெருநாளன்று மரத்தடிக்குப் போய், அத்தனை பெண்களுக்கும் முன்னால், "இது பித்அத். இது ஜாஹிலிய்யத். நீங்க எல்லாரும் பாவத்தைச் சுமக்கிறீங்க" என்று சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. கத்தியை எடுத்து ஊஞ்சல் கயிற்றை அறுத்தேன்.

உம்மும்மா கோபிக்கவில்லை. "சரி மனே. படிச்ச பிள்ள, நீ சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்" என்றார். பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் பாடி யாரும் கேட்கவில்லை. தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தாலாட்டவில்லை. சுனாமிக்கு அடுத்த வருடம் மௌத்தானார்.

என்னிடம் அப்போது ஒரு கஸட் ரெக்கோடர் இருந்தது. அதில் பயான் கஸட்டும் இருந்தது. மறைத்து வைத்திருந்த ரஹ்மான் பாட்டுக் கஸட்டும் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். சிவப்புப் பட்டனை அமத்தி உம்மும்மாவின் குரலைப் பதிய வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இருபத்தெட்டு வருடமாக இது என் நெஞ்சில் கிடக்கிறது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

நாங்கள் பாட்டை நிறுத்தவில்லை. எங்கள் பாட்டைத்தான் நிறுத்தினோம். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது.

யோசித்துப் பாருங்கள். நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப பக்கீர் பாவாமார் றபான் தட்டி பைத் பாடி வருவார்கள். இன்று போன் அலாரம் எழுப்புகிறது. சில வீடுகளில் அந்த அலாரமே சினிமாப் பாட்டு. கலியாண வீட்டில் குரவை இட்டார்கள். அது கூடாது என்றோம். இன்று மாப்பிள்ளை பெண்ணை வாவிக்கரையில் நடக்கவிட்டு, மேலே ட்ரோன் பறக்கவிட்டு, பின்னணியில் அனிருத் பாட்டுப் போட்டு வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம். குரவை போனது, ட்ரோன் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பொல்லடி அடித்தார்கள். அதையும் விட்டோம். ஆனால் மந்திரி ஒருவர் கட்டடம் திறக்க வந்தால் மட்டும், எங்கிருந்தோ நாலு வயதான காக்காமாரைத் தேடிப் பிடித்து, வெள்ளைச் சாரனும் தலைப்பாகையும் கட்டிவிட்டுப் பொல்லடி அடிக்கச் சொல்கிறோம். மந்திரிக்கு முன்னால் கலாசாரம், மணவறைக்கு முன்னால் பித்அத்! இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

எங்கள் துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதாக விளங்கும். 2008இல் டென்மார்க் கடனில் வேலை தொடங்கி 2013இல் திறந்தார்கள். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்லணை போட்டார்கள். கடலோ தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டுபோகிற கடல். கல்லணை அந்த மணலை மறித்தது. ஒரு பக்கம் மணல் குவிந்து துறைமுக வாயையே மூடியது. மறுபக்கம், மணல் கிடைக்காத கரையை அலை தின்றது. தென்னந்தோப்பு போனது, தோணி இழுத்த கரை போனது, நிந்தவூர் வரைக்கும் அரித்தது. கடலை யாரும் நிறுத்தவில்லை. வந்துகொண்டிருந்த மணலை மட்டும் நிறுத்தினார்கள். பாட்டிலும் நாங்கள் செய்தது அதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்ததை மறித்தோம். வெளியிலிருந்து அடிக்கிற அலையை மறிக்க எங்களால் முடியவில்லை.

இங்கே மௌலவிமாரும் நண்பர்களும் என்னோடு கோபிக்கக்கூடும். நான் ஆலிம் இல்லை. இசைக்கருவி ஆகுமா ஆகாதா என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது அறிஞர்களுக்கிடையே நெடுங்காலமாக உள்ள விவாதம். ஆனால் ஸஹீஹுல் புகாரியில் உள்ள ஒரு சம்பவத்தை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பெருநாளன்று ஆயிஷா நாயகியின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அபூபக்கர் நாயகம் வந்து கண்டித்தார்கள். அவர்களை விட்டுவிடும்படியும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது எங்கள் பெருநாள் என்றும் ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் சொன்னார்கள். இன்னொரு பெருநாளில் ஹபஷிகள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு விளையாட, அதை ஆயிஷா நாயகிக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த மரத்தடியில் நான் அறுத்த கயிற்றுக்கு முன்னால் இந்த ஹதீஸ்களை வாசித்திருந்தால் என்று நினைத்து அழுதிருக்கிறேன். நான் வாசித்த பிரசுரத்தில் அவை இருக்கவில்லை. அந்தப் பிரசுரத்தின் பிழையென்று சொல்ல மாட்டேன். மிச்சத்தைத் தேடாதது என் பிழை.

எதிர்ப்பக்கத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. சில கவிகள் காதல் கவிகள். எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் படிக்க முடியாது. கந்தூரிகளில் மார்க்கத்துக்கு ஒவ்வாதவை சேர்ந்திருந்தன, அவற்றைத் திருத்தியதில் நன்மை உண்டு. ஒலிபெருக்கியை ஊர் முழுக்க அலறவிட்டு நோயாளியையும் படிக்கிற பிள்ளையையும் வதைப்பது பாட்டானாலும் பாவம், பயானானாலும் பாவம். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களை பிடுங்கப் போனவன் வட்டையையே உழுது தரிசாக்கிவிட்டு வந்தால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை.

சரி, வகுப்பறைக்கு வாருங்கள்.

பெருநாள் முடிந்து முதல் பாடம், தரம் ஒன்பது, தமிழ். நாட்டார் பாடல் பற்றிச் சொல்ல வேண்டும். பாடத்தைத் தொடங்குமுன், தெரிந்த பாட்டுகளின் பெயரை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஐந்து நிமிடம். முப்பத்து நாலு பிள்ளைகள். பத்து, பதினைந்து, ஒருவன் இருபத்திரண்டு பாட்டு எழுதியிருந்தான். படத்தின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர் எல்லாம் சரியாக. சிங்களப் பாட்டும் இருந்தது, யொஹானியின் மெனிகே மகே ஹித்தே. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் வராத ர, ற வித்தியாசம் பாட்டுப் பெயரில் சரியாக வருகிறது! நாகூர் ஹனிபாவின் பாட்டை நாலு பேர் எழுதியிருந்தார்கள். 1925இல் பிறந்து 2015இல் மறைந்தவர் அவர். எங்கள் ஊர் நோன்புகளும் பெருநாட்களும் அவருடைய குரலில்தான் விடிந்தன. நாலு பேராவது எழுதியதில் சந்தோசப்பட்டேன்.

அடுத்து, "இப்ப உங்கட வீட்டில யாராவது படிச்ச ஒரு கவி எழுதுங்க" என்றேன்.

வகுப்பு அமைதியானது. ஒருவன், "கவி என்றா கவிதையா சேர்?" என்று கேட்டான். முப்பத்து மூன்று தாள் வெறுமை. ஒரு பிள்ளை மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று கவி. வட்டையில் பரணில் காவலிருந்த மச்சானை நினைத்துப் படித்தது ஒன்று, கடலுக்குப் போனவன் திரும்பாததைச் சொல்வது ஒன்று, பிள்ளைத் தாலாட்டு ஒன்று. மூத்தம்மாவோடு ஒரே அறையில் படுக்கிறாளாம். தூக்கம் வராத இரவுகளில் மூத்தம்மா மெதுவாகப் படிப்பாராம். "வாப்பாக்குக் கேக்காம" என்று அவள் சேர்த்துச் சொன்னாள்.

அந்தப் பிள்ளையைப் பாடச் சொல்லவில்லை. தாளை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பெடியன்மார் சிரிப்பார்கள் என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வாங்கிலிருந்து ஒருவன், "சேர், இது ராப் மாதிரி இரிக்கி" என்றான். நாலு வரியில் எதுகை மோனையோடு அடித்துச் சொல்வது, எதிராளிக்கு நின்ற இடத்தில் பதில் கட்டுவது. அவன் சொன்னது சரிதானே!

அடுத்த நாள் பிள்ளையின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். என்னோடு ஒன்றாகப் படித்தவர். ஓரமாகக் கூப்பிட்டார்.

"சேர், கோவிக்காதீங்க. பொம்புளப் பிள்ளைக்கு இந்த மாதிரிப் பாட்டெல்லாம் பழக்காதீங்க."

"மச்சான், நான் பழக்கல்ல. உங்கட உம்மா பழக்கி இரிக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "உம்மா இன்னும் படிக்கிறாவா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற உம்மா பாடுகிறார் என்பது மகனுக்குத் தெரியாது. பெருநாளன்று அவர் போட்ட வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எனக்கு நினைவு வந்தது. புதுச் சேட்டோடு தன் படம், பின்னணியில் ஒரு ஹீரோவின் படப் பாட்டு. அதைச் சொல்லிக் குத்த மனம் வரவில்லை. குத்தினால் என்னையும் சேர்த்துத்தான் குத்த வேண்டும். அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை நேற்று இன்னும் ஏழு கவி எழுதிக் கொண்டுவந்து, "பேர் போடாதீங்க சேர்" என்று தந்துவிட்டுப் போனாள். போடவில்லை மகள்.

இது வெறும் பாட்டு விஷயம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். இதற்குள் இரண்டு பெரிய விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, படத்தில் எங்களைக் காட்டுகிற விதம். 2013இல் விஸ்வரூபம் வந்தபோது தமிழ்நாட்டில் போராட்டம், தடை. இங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. 2022இல் பீஸ்ட் வந்தபோதும் அதே கோபம், குவைத்தில் அந்தப் படம் திரையிடப்படவில்லை. தாடி வைத்தவன் துப்பாக்கி தூக்கினால் எங்களுக்கு நோகிறது. நோகத்தான் வேண்டும். ஆனால் கோபித்து முடிந்த பிறகு என்ன செய்தோம்? எங்களை நாங்களே சொன்னோமா? 2025 மே மாதம் டூரிஸ்ட் ஃபேமிலி வந்தது. பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து கடல் தாண்டிப் போகிற ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. குடும்பத்தோடு பார்த்தேன், எனக்குப் பிடித்தது. பார்த்துக்கொண்டிருந்தபோது என் இளைய மகள் கேட்டாள்: "வாப்பா, நாங்க கதைக்கிற மாதிரி ஏன் ஒரு படத்திலயும் கதைக்கிறதில்ல?" உம்மா, வாப்பா, மூத்தம்மா, காக்கா, ராத்தா என்று கூப்பிடுகிற, இரிக்கி, வாறாக என்று பேசுகிற ஒரு கரை இருக்கிறது என்பது சென்னைக்குத் தெரியாது. தெரியாதது அவர்கள் குற்றமில்லை. தேயிலைத் தோட்டத்துப் பாட்டியின் கதையை அவருடைய பேரன் சொன்னதால் தெரிந்தது. எங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதற்கு நாங்கள் எதையும் கொடுக்கவில்லை.

இரண்டாவது, இன்னும் கனமானது. 2019 ஏப்ரல் 21இற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்ததைக் கேட்டு இந்தக் கரை முழுக்க உறைந்து போயிருந்தது. வீடு வீடாகச் சோதனை. அறபு எழுத்து உள்ள புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிணற்றடியில் நின்ற மனிதர்களை நான் பார்த்தேன். "நீங்கள் அறபு நாட்டைப் பார்த்து வாழ்கிறவர்கள், இந்த மண்ணுக்குரியவர்கள் இல்லை" என்று பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். அடுத்த வருடம் கொவிட் காலத்தில் எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் காணி உறுதியையும் பாட்டன் பூட்டன் பெயரையும் தேடினோம், நாங்கள் இந்த மண்ணின் மக்கள் என்று காட்டுவதற்கு.

அந்த உறுதி உம்மும்மாவின் வாயில் இருந்தது. வட்டையின் பெயர், வாய்க்காலின் பெயர், களியோடை ஆறு, சூடு மிதிக்கிற இரவு, எருமை, வாடி, தோணி, பக்கத்து ஊர்த் தமிழ்ப் பெண்ணோடு சேர்ந்து நாற்று நட்டது, எல்லாம் கவியில் இருந்தன. தமிழ்ப் பெண்கள் இடுகிற அதே குரவையைத்தான் எங்கள் பெண்களும் இட்டார்கள். இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் புரண்டவனுக்குத்தான் இப்படிப் பாட வரும். நேற்று இறங்கியவனுக்கு வராது. அந்த உறுதியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கச்சேரியில் போய் உறுதி தேடுகிறோம்.

மற்றவர்கள் இதன் பெறுமதியை அறிந்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற ஆய்வாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். எங்கள் குடி முறை, தாய்வழி வீட்டுச் சீதனம், பக்கீர்மார், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் என்று பல வருடம் உழைத்து எழுதினார். எங்களுக்குள்ளும் இல்லாமலில்லை. நிந்தவூரைச் சேர்ந்த சட்டத்தரணி எஸ்.முத்துமீரான் கிராமம் கிராமமாகப் போய்க் கவிகளைத் திரட்டி நூலாக்கினார். கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ.நுஃமான் எங்கள் மொழியையும் இலக்கியத்தையும் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதினார். எங்கள் ஒலுவிலுக்குத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வரக் காரணமான மர்ஹூம் அஷ்ரப், "நான் எனும் நீ" என்று கவிதைத் தொகுதி போட்டவர். அரசியல் மேடையில் நின்ற மனிதருக்குக் கவிதை கூச்சமாக இருக்கவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் கூச்சம்?

ஆகவே, என் வேண்டுகோள் சின்னது. ஊஞ்சல் கட்டுங்கள், பொல்லடி அடியுங்கள் என்று சொல்லவில்லை. அவரவர் மனச்சாட்சி, அவரவர் மார்க்க விளக்கம். பெண் குரல் வெளியே போகக் கூடாது என்கிறீர்களா, சரி, வெளியே போட வேண்டாம். ஆனால் அழிய விடாதீர்கள். இந்த வாரம் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு அரை மணித்தியாலம், உங்கள் வீட்டில் எழுபது எண்பது வயதில் இருக்கிறவருக்குப் பக்கத்தில் இருங்கள்.

அனுபவத்தில் சொல்கிறேன், "உம்மா, ஒரு கவி படிங்க" என்று நேரே கேட்டால் வராது. வெட்கப்படுவார்கள். "மறந்து போச்சு மனே" என்பார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். நெல்லுக் குத்தினபோது எத்தனை பேர் சேர்ந்து குத்தினீங்க, சூடு மிதிக்கிற இரவில யார் யார் வட்டையில இருந்தாங்க, பெருநாளைக்கு எந்த மரத்தில ஊஞ்சல் கட்டினாங்க, உங்கட கலியாணத்தில யார் குரவை இட்டாங்க. கை வேலையை நினைத்தால் வாய் தானாகத் திறக்கும். பாடினால் போனில் பதியுங்கள். பதிய விரும்பாவிட்டால் எழுதுங்கள். பாடியவர் பெயர், வயது, யாரிடம் கேட்டுப் படித்தார் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். விளங்காத சொல்லைத் திருத்தாதீர்கள். அந்தச் சொல்தான் பொக்கிசம்.

அவசரம் இருக்கிறது. சுனாமி ஒரே காலையில் எத்தனை மூத்தம்மாமாரைக் கொண்டுபோனது என்று இந்தக் கரைக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொவிட் கொஞ்சப் பேரைக் கொண்டுபோனது. மிச்சம் இருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்திருக்கிறேன். நோட்டீஸ் இல்லை, மேடை இல்லை, போட்டி இல்லை. வீட்டில் கேட்டு ஒரு கவி எழுதி வர வேண்டும், அவ்வளவுதான். இன்றுவரை பதினொரு பிள்ளைகள் கொண்டுவந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு சினிமாப் பாட்டு எழுதியவன் வெறுங்கையோடு வந்து, "எங்கட வீட்டில கிழவி இல்ல சேர். பக்கத்து வீட்டு மூத்தம்மாட்ட கேக்கலாமா?" என்றான். தாராளமாகக் கேள் மனே.

அவனிடம் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லவில்லை. அடுத்த பெருநாளுக்கும் அவன் வெளிச்சவீட்டடியில் ஆட்டோவின் பின்னால் நிற்பான், அனிருத் பாட்டுப் போடுவான். போடட்டும். அவன் கட்டியதாக ஒரு பாட்டும் அதற்குள் கிடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

என் உம்மும்மாவின் கவியில் ஒரு வரி என்றாலும் யாருக்காவது நினைவிருந்தால் எனக்கு அனுப்புங்கள். தொண்ணூறுகளில் எங்கள் வளவுப் புளியமரத்தடிக்கு வந்த ராத்தாமார், மாமிமார் பலர் இன்னும் ஊரில் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் இதை வாசித்துக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அன்றைக்குக் கத்தியோடு வந்து நின்றவன் நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். நேரம் தந்தால் வீட்டுக்கே வருகிறேன். இந்த முறை கொப்பியும் பேனையும்தான் கொண்டுவருவேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கண்ணியமாக எழுதுங்கள், பதில் சொல்வேன். உம்மும்மாவின் மறுமைக்காக ஒரு துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.